பிடித்தால் விடாத குடும்பம்

1.

கடிதம் காலை பத்தரைக்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி உறை. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை, பிரித்தும் பயனில்லை. ஜெர்மனியின் இந்த வடகோடிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ரொட்டி வாங்க, வீட்டுக்காரரிடம் தகராறு செய்ய, "இதில் விரிசல் இருக்கிறது, ஒதுக்கு" என்று தொழிற்சாலையில் சொல்ல எனக்கு ஜெர்மன் வரும். மருத்துவர்கள் எழுதும் ஜெர்மன் வேறு. ஒரு சொல்லில் ஏறி உட்கார்ந்தால் வரி முடியும் இடத்தில்தான் இறங்க முடியும்.

மகள் நஸ்ரின் பள்ளி விட்டு மூன்றேகாலுக்கு வருவாள். பதினாறு வயது. என் நோய்க்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர். அதுவரை பொழுது போக வேண்டும். ஹீட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உறைக்குள் இரண்டில் ஒன்று இருக்கும். பத்து வருடமாக என் தொடையிலும் முதுகிலும் குடியிருக்கும் வலி, என் தசை வியாதியைச் சேர்ந்ததுதான் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் மருந்து மாற்றிப் பார்ப்பார்கள். இல்லையென்றால், சேர்ந்ததல்ல என்று ஃபைலை மூடி, மனநலப் பிரிவின் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அங்கே போவது தப்பென்று சொல்லவில்லை. "வலி இருக்கிறது" என்று சொன்னவனிடம் "இருப்பதாக நினைக்கிறீர்கள்" என்று பதில் சொல்வார்களோ என்றுதான் பயம்.

இதைத் தீர்மானிக்கப்போவது என் உடம்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. விருத்தாசலத்தில் இருக்கும் என் அண்ணன் முபாரக்கின் உடம்பு. ஐம்பது வயதில் என் வலிக்குக்கூட அவன் சிபாரிசு தேவைப்படுகிறது.

2.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே போன்ற அக்டோபரில்தான் அந்த நரம்பு மருத்துவரை முதலில் பார்த்தேன். பெண்மணி. வாசலுக்கே வந்து கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அவர் விட்டார். நான் விடவில்லை.

விட முடியவில்லை என்பதுதான் சரி. ஒரு மணி நேரம் காத்திருப்பு அறையில் அசையாமல் இருந்த கை. மூடியது மூடியபடி நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். என் மனைவி ரஹ்மத் எங்கள் இருவர் கையையும் பார்த்தாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும். என் திருமண வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து இல்லை.

மெதுவாக விரல்கள் அவிழ்ந்ததும் அந்த அம்மாள் கோபப்படவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "இன்னொரு முறை கொடுங்கள்" என்றார். அப்புறம் ரப்பர் சுத்தியலை எடுத்து என் கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு தட்டு. விரல் உள்ளே மடங்கி அங்கேயே நின்றது.

தட்டிப் பார்ப்பது என் தொழில். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, இங்கே கழிப்பறைத் தொட்டிகளைத் தட்டிப் பார்த்து வயிறு வளர்க்கிறேன். நல்ல தொட்டி கணீர் என்னும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக் என்னும். நாளெல்லாம் தட்டுகிறவனை அன்று ஒருவர் தட்டிப் பார்த்தார். டொக்.

பெயர் சொன்னார்கள். நீளமான பெயர். சாரம் இதுதான்: சுருங்கிய தசை உடனே தளராது. உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்தடி மரக்கால் நடை, அப்புறம் சரியாகிவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் இளகும், ஓய்ந்தால் உறையும், குளிரில் இன்னும் மோசம். அபூர்வமானது என்றார்கள். அதைக் கேட்டு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பள்ளியில் நான் எதிலும் அபூர்வமாக இருந்ததில்லை.

"ஆனால்" என்றார் டாக்டரம்மா, "இதில் பெரும்பாலும் வலி இருக்காது."

நான் வந்ததே வலிக்காகத்தான். கை விடாததெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். கேட்காததற்குப் பதில் கிடைத்தது, கேட்டதற்குக் கிடைக்கவில்லை. இந்த வியாதியை முதலில் எழுதிவைத்த மருத்துவருக்கே அது இருந்ததாம், அவர் குடும்பத்திலும் ஓடியதாம். நூலகத்தில் படித்தேன். அவர்மேல்கூடப் பொறாமை வந்தது. அவர் சொன்னதை நம்ப மாட்டேன் என்று சொல்ல எதிரில் இன்னொரு டாக்டர் உட்கார்ந்திருக்கவில்லை.

3.

ஊரில் இதற்குப் பெயர் கிடையாது. நற்பெயர் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார் எங்கள் அத்தா. பெருநாள் தொழுகை முடிந்ததும் எல்லோரும் கை கொடுத்து, தழுவிக்கொள்வார்கள். அத்தா பிடித்த கையை லேசில் விட மாட்டார். "பாய்க்கு எவ்வளவு பாசம் பாரு" என்று ஊரே சொல்லும். வசூலுக்கு வந்த ஆட்கள்கூட அந்தக் கைக்குள் சிக்கி, குரல் தணிந்து, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது தசைக் கோளாறு என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பாசக்காரர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார்.

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. ஒரு பெருநாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துத் தொலைத்தோம். இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது. பின்னால் வரிசை நின்றது. "விடுங்கடா, ஆளு நிக்குதில்ல" என்று யாரோ அதட்டினார்கள். அண்ணன் நிதானமாகச் சொன்னான், "நான் வுட்டுட்டேன். இவன்தான் வுடல." எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் எங்களுக்கு 'புடிச்சா வுடாத குடும்பம்' என்று பெயர் வந்தது. முதலில் பூட்டியது அவன் கை. இன்றும் அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அத்தாவின் சொத்தில் பாசக்காரர் பட்டம் முழுவதும் அண்ணனுக்குப் போனது. வெளியூர் போனவன் அதில் பங்கு கேட்க முடியாது. இங்கே என் முதல் தொழிற்சாலையில் நான் கை கொடுத்த விதத்தைப் பற்றிப் புகார் போய், சக ஊழியர்களிடம் நடந்துகொள்வது எப்படி என்று அரைநாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதே கை. அங்கே பாசம், இங்கே வகுப்பு.

அண்ணன் வேலை செய்யும் பட்டறை தொழிற்பேட்டையில் இருக்கிறது. பீங்கானில் ஃப்யூஸ் கேரியரும் கோப்பையும் பொம்மையும் செய்கிறார்கள். அவன் சூளை பார்ப்பவன். டீ வந்தால் அவனால் சட்டென்று டம்ளரை வாங்க முடியாது. கையைப் பத்து முறை மூடித் திறந்து இளக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து செய்யப் பழகி, இப்போது அந்தப் பட்டறையில் டீ வந்தால் எட்டுப் பேரும் கையை மூடி மூடித் திறக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பட்டறை வழக்கம் என்று நினைத்துத் தாங்களும் செய்கிறார்கள். ஒரு மனிதனுடைய வியாதியை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

4.

வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வரிதான்.

காலையில் எழுந்தால் தொடை இரண்டும் உள்ளுக்குள் குடையும். பத்து மணிக்குக் குடைச்சல் கடுப்பாக மாறும். மதியத்துக்குமேல் முதுகில் சுருக்கென்று ஏறி, அங்கேயே இழுத்துப் பிடிக்கும். சாயங்காலம் எல்லாம் சேர்ந்து உளைச்சல்.

இதைத்தான் டாக்டரம்மாவிடம் நான்கு நிமிடம் சொன்னேன், தமிழில், நடுவில் எந்தெந்த டாக்டர் எப்படியெப்படி என்னை அலைக்கழித்தார் என்பதையும் சேர்த்து. நஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள். வலி.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"எல்லாம் அதான் அத்தா" என்றாள். பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளை. குடைச்சலுக்கும் கடுப்புக்கும் நடுவே எத்தனை மைல் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வீட்டில் எங்கள் தமிழ் 'சாப்பிட்டியா'வில் தொடங்கி 'ஃபோனை வை'யில் முடிந்துவிடுகிறது.

படிவத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் கேட்டிருந்தார்கள். ஏழு போட்டேன். உண்மையில் ஆறு. ஆறு என்றால் காத்திருக்கச் சொல்வார்கள் என்று வரிசையில் நின்ற ஒரு துருக்கிக்காரர் சொல்லியிருந்தார்.

ரத்தம் எடுத்தார்கள். ஊசியைத் தசையில் செருகி மின்சாரம் பார்த்தார்கள். குடும்ப மரம் வரைந்தார்கள். அம்மா அத்தாவுக்கு மாமன் மகள் என்றதும் வரைந்துகொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தி, உறவுக்குள் கல்யாணம் என்பதற்கு இரட்டைக் கோடு போட்டாள். எங்கள் சொந்தபந்தம் முழுக்க வரைந்தால் தாளில் கோலம்தான் வரும் என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மனில் கோலத்துக்குச் சொல் தெரியவில்லை. இரண்டரை வருடம் கழித்தும் வலிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: இதே வியாதி உள்ள கூடப்பிறந்தவர் இருக்கிறாரே, அவருக்கும் இதே வலி இருந்தால் வலியும் வியாதியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இல்லையென்றால் நாங்கள் வேறு பக்கம் தேட வேண்டும். வேறு பக்கம் எது என்று நான் கேட்கவில்லை.

ஐந்து வேளையும் அண்ணன் நலத்துக்கு துஆ கேட்கிறவன் நான். அன்றிலிருந்து கூடவே ஒரு விண்ணப்பமும் வைத்தேன். அவனுக்குக் கொஞ்சமாவது வலிக்கட்டும்.

5.

பக்ரீத்துக்கு ஊருக்குப் போனோம், நானும் நஸ்ரினும். கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. எங்களுக்கு இரண்டு நாள் முன்னால்தான் குவைத்திலிருந்து மாமன் மகன் வந்து, கம்பளியும் சென்ட்டும் பால் பவுடரும் இறக்கியிருந்தான். நான் பெட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தோடு கொடுத்தனுப்பிய, எச்சில் துப்புகிற குழாயை எடுத்தேன்.

அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். "சென்ட்டு பாட்டிலுன்னு நெனச்சேன் தம்பி."

"எச்சில் துப்பறதுக்கு அண்ணி. பரிசோதனைக்கு."

"அதுக்கு ஜெர்மனிலேர்ந்து குழா கொண்டாந்தீங்களா? எங்க வூட்டுல இல்லாத எடமா?"

வீடே சிரித்தது. அண்ணன் மறுபேச்சு பேசாமல் துப்பிக் கொடுத்தான். சிக்கல் படிவத்தில்தான் வந்தது. ஒன்பது கேள்விகள். தொடையில் வலி உண்டா? இல்லை. முதுகில்? இல்லை. எழும்போது? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் எனக்கு ஓர் ஆணி இறங்கியது.

"ஒரு தடவகூட வலிச்சதில்லையா?"

"எனக்கு என்னாடா வலி? நல்லாத்தான் இருக்கறன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு அண்ணே."

"இல்லாத வலிய எழுதச் சொல்றியா? அல்லா கேப்பான்டா."

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரே அத்தா, ஒரே அம்மா, ஒரே கை. வலி மட்டும் எனக்கு. ஊர், வீடு, பட்டறை, பாசக்காரர் பட்டம், அதற்குமேல் வலியில்லாத தொடையும் அவனுக்கு. எல்லோரும் படுக்கப் போனதும் படிவத்தை மடியில் வைத்து 'ஆம்' கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த நஸ்ரின் எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, அது ஃப்ராடு."

பேனாவை மூடி வைத்தேன். குழந்தைகளை நேர்மையாக வளர்ப்பதில் உள்ள தொல்லை இது.

6.

நான்காம் நாள். நேர வித்தியாசத்தில் தூக்கம் வராத நஸ்ரின், பட்டறையை வீடியோ எடுக்க வேண்டுமென்று பஜ்ரு தொழுகை முடித்துக் கிளம்பிய என் அண்ணனின், அவளுடைய பெரியத்தாவின், ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். அரை மணி கழித்து நானும் மரக்காலை இளக்கிக்கொண்டே நடந்து போனேன். ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது.

பட்டறைக்கு வேறு யாரும் இன்னும் வரவில்லை. முந்தின நாள் சுட்ட, செங்கல்லால் கட்டிய பழைய சூளை இன்னும் முழுசாக ஆறவில்லை. அண்ணன் அதன் சுவரில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் முதுகையும் தொடையின் பின்புறத்தையும் ஒட்டவைத்து, கண்ணை மூடிச் சாய்ந்து நின்றிருந்தான். கத்திரி வெயிலில். விருத்தாசலத்தில். நஸ்ரின் ஃபோனைத் தாழ்த்திவிட்டாள்.

"பெரியத்தா, ஏன் இங்க நிக்கறீங்க? சுடலையா?"

"சுடுது. சுடட்டும்னுதாம்மா."

"ஏன்?"

"காலையில எல்லாருக்கும் தொடை முதுகெல்லாம் உள்ள இழுத்துக்கினு கெடக்குமில்ல. அது வுடறதுக்கு."

"எல்லாருக்கும்னா யாரு?"

"எல்லாருக்குந்தான். உங்க தாத்தாவும் கடைக்குப் போறதுக்கு முன்னால இங்க வந்து இப்படித்தான் சாஞ்சிப்பாரு. உனக்கு இல்ல?"

"இல்ல."

"சின்ன வயசு. அப்பறம் வரும்."

"வராது பெரியத்தா. யாருக்கும் வராது. அத்தாவுக்கு மட்டும்தான் இருக்கு."

அண்ணன் கண்ணைத் திறந்தான். வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். ஐம்பத்து நான்கு வருடமாக, காலையில் எழுவதென்றால் இதுதான், கால் என்று இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதன். அதற்கு வலி என்று யார் பெயர் வைப்பார்கள்? மூச்சு விடுகிறாயா என்று படிவத்தில் கேட்டால் நாமும் யோசிப்போம்.

அந்த நொடியில் எனக்கு வந்தது இரக்கம் அல்ல. சந்தோஷம். பெருநாளன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அது அடங்கியதும் அடுத்தது வந்தது: இத்தனை வருடமாக இவனுக்கு ஒரு சூளை இருந்திருக்கிறது. எனக்கு இல்லை.

எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்று நஸ்ரின் கேட்டாள். அண்ணன் கையைப் பத்து முறை மூடித் திறந்தான். பலகையிலிருந்து, அச்சிலிருந்து எடுத்துச் சுடாமல் வைத்திருந்த ஒரு பச்சைக் கோப்பையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இது ஒரு பக்கம் காத்துப் பட்டுக் காஞ்சி, ஒரு பக்கம் ஈரமாவே இருந்தா என்னாவும் தெரியுமா? காஞ்ச பக்கம் சுருங்கும், ஈரப் பக்கம் வுடாது. உள்ளுக்குள்ள இழுத்துக்கினே இருக்கும். மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. தட்டினாலும் தெரியாது. அப்படித்தான் இருக்கும் என் காலு. சூடு சமமா பட்டுச்சின்னா வுட்டுடும்."

டிப்ளமோ படித்தவன் நான். இந்த இழுவைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பத்து வருடம் என் தொடைக்குள் அதை வைத்துக்கொண்டு எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நஸ்ரின் அங்கேயே ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த படிவத்தை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஜெர்மனில். இரண்டு முறை நிறுத்தி, "ஈரப் பக்கம் வுடாதுன்னா, வேணாம்னு இழுக்குமா, முடியாம இழுக்குமா?" என்று கேட்டாள். பிறகு 'ஆம்' கட்டங்களை நிரப்பிவிட்டு வலியின் எண்ணுக்கு வந்தோம்.

"நீ எத்தினி போட்ட?" என்றான் அண்ணன்.

"ஏழு."

"அப்ப எனக்கு அஞ்சு போடு."

"அஞ்சுதானா உனக்கு?"

"யாருக்குத் தெரியும்? நீ சூளை இல்லாத ஊர்ல குளிர்ல கெடக்கற. உனக்கு ரெண்டு கூடவே இருக்கட்டும்."

என்னுடையது ஆறுதான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படிவத்தை வாங்கி ஐந்து என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கப் பார்த்தேன். விரல்கள் விடவில்லை. வியாதி.

7.

மூன்றேகாலுக்குச் சாவி திரும்பும் சத்தம். முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே உறையைப் பிரித்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் ஹீட்டரை விட்டு நகரவில்லை, நகர்ந்தால் எழ வேண்டியிருக்கும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்னு எச்சில்ல தெரிஞ்சிடுச்சாம். வலியும் ஒரே மாதிரி இருக்கறதால அதையும் அதோட சேர்த்தே எடுத்துக்கறாங்களாம். மருந்து மாத்திப் பார்க்கலாமாம். டிசம்பர்ல வரணும்."

பத்து வருடம். மனநலப் பிரிவின் முகவரி எங்கும் இல்லை. அழலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் இரண்டாவது தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது பெரியத்தாவுக்கு."

"அவனுக்கு என்ன?"

"அனுமதிப் படிவம். அவர் சொன்னதை டாக்டரம்மா தன்கிட்ட படிக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டலாமான்னு கேக்கறாங்க. இந்த வலிய இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லையாம்."

மூன்று வருடம் அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தவன் நான். ஊசி குத்திக்கொண்டவன் நான். ஒரு நாள்கூட அந்தப் படியில் கால் வைக்காதவன் பாடமாகிறான்.

"அப்படி என்னதான் எழுதின அவனுக்கு?"

"அவர் சொன்னதைத்தான். அரைப் பக்கம் வந்தது."

"எனக்கு மட்டும் ஒரே வார்த்தை."

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "நீ வலிய சொல்லல அத்தா. டாக்டருங்களைப் பத்திச் சொன்ன. பெரியத்தா வலிய சொன்னாரு."

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், என் பக்கத்தில் வந்து ஹீட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"டிசம்பருக்கு எடுத்துட்டுப் போலாம். இப்ப சொல்லு. எப்படி இருக்கும்?"

அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டேன். எங்கிருந்து தொடங்குவது? இருந்த ஒரே நல்ல உவமையை அண்ணன் எடுத்துக்கொண்டுவிட்டான்.